சாவி தீர்ந்த சங்கீதம்

சென்ற மார்கழியில் ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் பாலசமுத்திரம். நம் சங்கத்தில் இந்தப் பெயரைச் சொன்னால் உடனே, "பழனிக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதுவா?" என்று கேட்பார்கள். அது வேறு. எங்கள் பாலசமுத்திரம் ஆந்திரத்தில் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி எல்லை திருத்தி அமைக்கப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. நாங்கள் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டோம். கடைப் பலகை தெலுங்கில், வீட்டுப் பேச்சு தமிழில் என்று வளர்ந்தவன் நான். அப்பாவை 'நைனா' என்று கூப்பிட்டுத்தான் பழக்கம்.

வீட்டை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று தங்கையும் நானும் முடிவு செய்திருந்தோம். அதற்கு முன் பரணைக் காலி செய்ய வேண்டுமே! பித்தளை அண்டா, உடைந்த ஊஞ்சல் பலகை, பழைய பஞ்சாங்கக் கட்டு இவற்றுக்குப் பின்னால் ஒரு டிரங்குப் பெட்டி. திறந்தால் மேலே ஒரு ரெகார்ட் பிளேயர், கீழே முப்பது முப்பத்தைந்து இசைத்தட்டுகள். 1979இல் நானே அமெரிக்காவிலிருந்து சுமந்து கொண்டு வந்தவை. நானே மறந்தும் போனவை. கறையான் அட்டைகளைத் தின்றிருந்தது. தட்டுகளை விட்டு வைத்திருந்தது.

பெரும்பாலும் ஜாஸ் தட்டுகள். நம் பத்திரிகையில் ஜாஸுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். அந்தப் பெட்டியில் நம்மவர்கள் பலர் இருந்தார்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கூடவே நைனாவுக்கு நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

1979இல் நடந்தது

நைனா சங்கீதப் பைத்தியம். எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் கார்வேட்டிநகரம் ஒரு காலத்தில் ஜமீன். வர்ணங்கள் இயற்றிய கோவிந்தசாமய்யாவும், பதங்கள் இயற்றிய சாரங்கபாணியும் அந்த ஊரோடு சேர்த்துப் பேசப்படுகிறவர்கள். அந்தப் பெருமையை நைனா வாரம் ஒருமுறையாவது சொல்வார். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை என்றால் அவருக்கு உயிர். காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் சீடர் அல்லவா, தாளக் கணக்கில் அசைக்க முடியாத ஆள். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியும் கே.பி. சுந்தராம்பாளின் பாட்டும் சாவி கொடுக்கும் கிராமபோனில் எங்கள் திண்ணையில் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் மூன்று நிமிடம்தான். முடிந்ததும் தட்டைத் திருப்பி, முள்ளை மாற்றி, சாவி கொடுக்க வேண்டும். அந்தச் சாவி கொடுக்கும் வேலை சிறு வயதில் என்னுடையது.

நான் அமெரிக்காவில் படித்து, வேலைக்கும் சேர்ந்து, 1979இல் கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தபோது என் ரெகார்ட் பிளேயரையும் தட்டுகளையும் கொண்டு வந்தேன். அமெரிக்க மின்சாரம் 110 வோல்ட், நம் ஊரில் 220 என்று தெரியும். அதற்கென்று கனமான டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றும் வாங்கி வந்தேன். நைனாவை நாற்காலியில் உட்கார வைத்து, சக்தி குழுவின் முதல் தட்டைப் போட்டேன். "நம்மவங்க வயலினும் கடமும் வாசிக்கிறாங்க நைனா, கேளுங்க" என்றேன்.

இரண்டு நிமிடம் கேட்டார். பிறகு, "சாவி தீந்து போச்சாடா, பாரு" என்றார்.

வீட்டில் எல்லோரும் சிரித்தோம். கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரர்களும் சிரித்தார்கள். "இது கரண்டில ஓடறது நைனா, சாவியே கிடையாது" என்றேன். அவர் விடவில்லை. "கடம் மாதிரி இல்லையே, தண்ணிக் குடம் மாதிரி இருக்குது" என்றார். எனக்கும் ஏதோ மந்தமாகத்தான் பட்டது. லோ வோல்டேஜ் என்று சமாதானம் சொன்னேன். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் போட்டேன், அதே மந்தம். அங்கே குளிரில் தனி அறையில் கேட்டபோது உயிராக இருந்த சங்கீதம் இங்கே எடுபடவில்லை, இது அந்த ஊர்ச் சரக்கு, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். பெட்டி பரணுக்குப் போயிற்று. நைனா அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1988இல் காலமானார்.

ஜாஸ் என்றால் என்ன?

நம்மில் பலருக்கு ஜாஸ் என்றால் பழைய சினிமாவில் வில்லனின் கிளப்பில் ஆடும் பாட்டுக்குப் பின்னால் சாக்ஸபோன் ஊதுவது. அந்த எண்ணம் முழுக்கத் தவறும் இல்லை. 1930களில் பம்பாய் தாஜ் ஹோட்டலில் லியோன் ஆப்பி போன்ற கறுப்பின அமெரிக்கக் கலைஞர்கள் வந்து வாசித்தார்கள். டெடி வெதர்ஃபோர்ட் என்ற பியானோக்காரர் கல்கத்தாவில் வாசித்து, 1945இல் அங்கேயே இறந்தார். அவர்களிடம் கேட்டும் அவர்களோடு வாசித்தும் தேர்ந்த கோவாக் கலைஞர்கள்தான் பிறகு சினிமா இசைக்குழுக்களுக்குப் போனார்கள். ஆக, அந்த கிளப் பாட்டுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு.

ஜாஸ் பிறந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியார் தங்கள் உழைப்புப் பாட்டையும் தேவாலயப் பாட்டையும் பட்டாளத்துப் பித்தளை வாத்தியங்களில் ஏற்றி உண்டாக்கியது. ஆனால் 1917இல் வெளிவந்த முதல் ஜாஸ் இசைத்தட்டு வெள்ளையர் குழு ஒன்றின் தட்டு! உண்டாக்கியவர் ஒருவர், பெயர் வாங்கியவர் வேறொருவர் என்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

கர்நாடக சங்கீதம் கேட்டவர்களுக்கு ஜாஸ் புரிவது கடினம் இல்லை. முதலில் ஒரு மெட்டை எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள். அது நம் பல்லவி மாதிரி. பிறகு ஒருவர் பின் ஒருவராக அந்த மெட்டை வைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே கற்பனை செய்து வாசிப்பார்கள், இது மனோதர்மம். கடைசியில் மீண்டும் மெட்டுக்கு வந்து முடிப்பார்கள். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து அளவைக் குறைத்துக்கொண்டே வருவார்களே, குறைப்பு என்று, அதற்கும் ஜாஸில் ஓர் உறவினர் உண்டு. டிரம்ஸ்காரரும் மற்றவர்களும் நாலு நாலு தாளக் கட்டாக மாறி மாறி வாசிப்பதை 'டிரேடிங் ஃபோர்ஸ்' என்பார்கள்.

வித்தியாசம் எங்கே என்றால், நமக்குத் தம்பூராவின் ஸட்ஜமும் பஞ்சமமும் ஆரம்பம் முதல் முடிவு வரை மாறாமல் நிற்கும்; அதன் மேல் ஒரே ராகம் விரியும். ஜாஸில் பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கும் 'கார்டு' என்பது சில தாளங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். வாசிப்பவர் அந்த மாற்றத்துக்கு ஏற்பத் தன் கற்பனையைத் திருப்ப வேண்டும். 1959இல் வந்த மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' தட்டு இந்த மாற்றங்களைக் குறைத்து, ஒரே ஸ்வர வரிசையில் நெடுநேரம் நின்று வாசிக்க வழி செய்தது. ஜாஸ் நம் ராகத்தின் வாசலுக்கு வந்தது அங்கேதான் என்பேன்.

பெட்டிக்குள் இருந்த நம்மவர்கள்

அந்தத் தட்டில் சாக்ஸபோன் வாசித்த ஜான் கோல்ட்ரேன் பிறகு ரவிசங்கரின் சிதாரைத் தேடித் தேடிக் கேட்டார். 1961இல் 'இந்தியா' என்றே பெயர் வைத்து ஒரு உருப்படி வாசித்தார். 1965இல் பிறந்த மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தார். அவர் இறந்தபின் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் 1971இல் வெளியிட்ட தட்டின் பெயர் 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. யார் அந்தச் சச்சிதானந்தர்? கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. 1969இல் வுட்ஸ்டாக் இசைவிழாவின் தொடக்கத்தில் லட்சக்கணக்கான இளைஞர்கள் முன் பேசியவரும் அவரே. அந்தத் தட்டில் ஆலிஸின் ஹார்ப் வாத்தியத்துக்குப் பின்னால் தம்பூரா கேட்கும். என் அட்டையில் கறையான் மிச்சம் வைத்தது அந்த அம்மாளின் பாதி முகம்.

அடுத்தது சக்தி. ஜான் மெக்லாக்லின் இங்கிலாந்துக்காரர், மைல்ஸ் டேவிஸோடு கிதார் வாசித்தவர். அவர் கனெடிகட் மாநிலத்தில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்கு வந்து, அங்கே ஆசிரியராக இருந்த டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். வயலின் எல். சங்கர் அங்கே கிடைத்த நண்பர். தபலா ஜாகிர் உசேன். கடம் டி.எச். விநாயக்ராம், 1966இல் ஐ.நா. சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியபோது கடம் வாசித்தவர். முதல் தட்டில் மட்டும் மிருதங்கம் வாசித்தவர் ராம்நாட் ராகவன். 1978இல் தொடங்கிய கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனைக்கு வித்திட்டவர்களில் இவரும் ஒருவர் என்பது ஒவ்வோர் ஆண்டும் அங்கே போய்வரும் நம் அன்பர்களுக்குத் தெரிந்திருக்கும்.

எல். சங்கர் கதை நம்மைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராக இருந்தவர். பிள்ளைகள் அங்கேதான் வளர்ந்தார்கள். 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்கு வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகள்தாம் எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர். இருந்த ஊரை விட்டு வந்த குடும்பத்தின் வயலின்தான் சக்தியில் கேட்கிறது.

முதல் தட்டு 1975 ஜூலை 5ஆம் தேதி நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் ஒரு கல்லூரிக் கச்சேரியில் பதிவானது, 1976இல் வெளிவந்தது. ஒரு பக்கத்தில் 'ஜாய்' என்ற உருப்படி மட்டும் 18 நிமிடம். மின்சார கிதாரின் இரைச்சலில் பெயர் வாங்கியவர், அதை வைத்துவிட்டு, நம்மவர்களோடு தரையில் உட்கார்ந்து வாசித்தார். அதை அன்றைக்கு ரசித்தவர்கள் குறைவு. அடுத்த இரண்டு தட்டுகளோடு குழு கலைந்தது. ஆனால் 1997இல் மீண்டும் கூடியது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் என்று அடுத்த தலைமுறை சேர்ந்தது. 2023இல் வந்த 'திஸ் மொமென்ட்' தொகுப்புக்கு 2024இல் கிராமி விருது கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தார்.

பெட்டியில் இல்லாத ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். சார்லி மரியானோ என்ற பாஸ்டன்காரர், பெரிய சாக்ஸபோன் கலைஞர். 1960களில் மலேசிய வானொலி இசைக்குழுவோடு வேலை செய்ய கோலாலம்பூர் போனவர், அங்கே நம் மக்களின் நாகஸ்வரத்தைக் கேட்டு மயங்கினார். கற்றுக்கொண்டு, 1970களில் ஐரோப்பாவில் ஜாஸ் தட்டுகளில் நாகஸ்வரத்தையே வாசித்தார்! பின்னர் பெங்களூரின் கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரிக் குழுவோடும் பாடகி ஆர்.ஏ. ரமாமணியோடும் சேர்ந்து 1983இல் 'ஜோதி' என்ற தட்டைப் பதிவு செய்தார். தோட்டத்துக் கோயில்களுக்கு நம்மவர்கள் கொண்டுபோன வாத்தியம் அப்படியும் உலகம் சுற்றியிருக்கிறது.

மருமகன் சொன்ன கணக்கு

தங்கை மகன் சித்தூரில் டி.வி., ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். பெட்டியைப் பார்த்ததும் ரெகார்ட் பிளேயரைத் தலைகீழாகத் திருப்பி அடியில் இருந்த தகட்டைப் படித்தான். "மாமா, இதை இங்க ஓட்டினீங்களா? இது அறுபது ஹெர்ட்ஸ் மோட்டார் ஆச்சே!" என்றான்.

டிரான்ஸ்ஃபார்மர் போட்டுத்தான் ஓட்டினேன் என்றேன். அவன் சிரிக்காமல் விளக்கினான். மின்சாரத்தில் வோல்ட் மட்டும் இல்லை, நொடிக்கு எத்தனை முறை திசை மாறுகிறது என்ற கணக்கும் உண்டு. அமெரிக்காவில் 60, இந்தியாவில் 50. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர, இந்த எண்ணிக்கையைத் தொடாது. அந்தக் காலத்து ரெகார்ட் பிளேயர் பலவற்றில் மோட்டாரின் வேகம் இந்த எண்ணிக்கையைப் பொறுத்தது. 60க்குச் செய்த மோட்டாரை 50இல் ஓட்டினால் ஆறில் ஐந்து பங்கு வேகம்தான். நிமிடத்துக்கு 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 28கூடச் சுற்றாது. வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் அதில் மாற்றம் இல்லை.

தட்டு மெதுவாகச் சுற்றினால் காலம் மட்டும் நீளாது, சுருதியும் இறங்கும். 18 நிமிட உருப்படி கிட்டத்தட்ட 22 நிமிடம் ஆகும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கியது மாதிரி கேட்கும். கடத்தின் கணீர் என்ற நாதம் தண்ணீர்க் குடத்தைத் தட்டியது போல ஆகிவிடும்.

நான் ஒன்றும் பேசவில்லை. சாவி கொடுக்கும் கிராமபோனில் சுருள் வில் தளர்ந்தால் இதேதான் நடக்கும். பாட்டு இழுத்துக்கொண்டே கீழே இறங்கும். முப்பது வருடம் அதைக் கேட்டுப் பழகிய காது நைனாவுடையது. புதிய சங்கீதம், புதிய மிஷின், அமெரிக்கா போய்ப் படித்து வந்த மகன் எல்லாம் எதிரே இருந்தும், இரண்டே நிமிடத்தில் கோளாறைச் சரியாகச் சொல்லிவிட்டார். சாவி தீர்ந்துதான் போயிருந்தது. நான்தான் சபை முன்னால் சிரித்தேன். அவருக்குச் சங்கீதம் பிடிக்கவில்லை என்று இத்தனை வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். அவர் அந்தச் சங்கீதத்தைக் கேட்கவே இல்லை. நான் கேட்க விடவில்லை.

மறுநாள் மருமகன் தன் கடையிலிருந்து சரியான வேகத்தில் ஓடும் ஒரு பிளேயரைக் கொண்டு வந்தான். கூடத்தில் வைத்துச் சக்தியைப் போட்டோம். தங்கை வேலையை விட்டுவிட்டு வந்து கதவருகில் நின்றாள். விநாயக்ராமின் கடம் வந்ததும், "இதையா நைனா குடம்னாரு?" என்றாள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கலாம்

ஊரிலோ இங்கேயோ பழைய தட்டுகள் வைத்திருப்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். 78 வேகத் தட்டுகள் பெரும்பாலும் அரக்கில் செய்தவை. கனமாக இருக்கும், கீழே போட்டால் உடையும். 1948இல் அறிமுகமான எல்.பி. தட்டுகள் வினைல் என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை, வளையும். இரண்டுக்கும் முள் வேறு. 78க்கான கனத்த முள்ளை எல்.பி.யில் வைத்தால் தட்டு பாழ்.

அரக்குத் தட்டை ஸ்பிரிட், ஆல்கஹால் எதிலும் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். வினைல் தட்டுக்கு வாலை வடித்த நீரும் ஒரு சொட்டு மென்மையான சோப்பும் போதும். மெல்லிய துணியால், கோடு போகும் திசையிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். குறுக்கே தேய்க்கக் கூடாது. நடுவில் உள்ள லேபிள் நனையக் கூடாது.

தட்டுகளைப் புத்தகம் போல நிற்க வைக்க வேண்டும். நான் படுக்க வைத்து, மேலே பிளேயரின் பாரத்தையும் ஏற்றி, ஓட்டின் கீழே சித்தூர் வெயிலில் நாற்பது வருடத்துக்கு மேல் விட்டுவிட்டேன். ஏழு தட்டுகள் அப்பளமாக வளைந்துவிட்டன. பூஞ்சைப் புள்ளிகள் கழுவினால் போகும். வளைவு எளிதில் போகாது.

ஊரிலிருந்து பிளேயரை அமெரிக்காவுக்குக் கொண்டு வருபவர்களுக்கு என் கதை தலைகீழாக நடக்கும். 50க்குச் செய்த மோட்டார் 60இல் வேகமாக ஓடும், பி. சுசீலா குழந்தைக் குரலில் பாடுவார்! ஆகவே தகட்டைப் படியுங்கள். இரண்டு எண்ணிக்கையும் போட்டிருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால் பழுது பார்ப்பவரிடம் சொல்லி மோட்டாரின் சிறு சக்கரத்தை மாற்றலாம்.

வேகம் சரியா என்று வீட்டிலேயே சோதிக்கவும் வழி உண்டு. தட்டின் லேபிளில் ஒரு காகிதத் துண்டை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மூன்று நிமிடம் எண்ணுங்கள். எல்.பி. தட்டு சரியாக 100 சுற்று வர வேண்டும்.

வீட்டை ஒப்படைக்கும் முன், கடைசி நாள் நான் அந்தப் பழைய பிளேயரைப் பழைய டிரான்ஸ்ஃபார்மரில் சொருகினேன். ஆச்சரியம், ஓடியது. அதே சக்தி தட்டை வைத்து, நைனாவின் நாற்காலியில் உட்கார்ந்து மூன்று நிமிடம் எண்ணினேன். எண்பத்து மூன்று.